மதில் சூழ்ந்த பழைய தோட்டத்தை மாற்றியமைக்க இங்கிலாந்தில் என்னென்ன அனுமதி வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷ்ராப்ஷயரில் ஒரு பெரிய மாளிகையின் பழைய தோட்டக்காரர் வீட்டையும், அதோடு ஒட்டிய சுமார் 1 ஏக்கர் மதில் தோட்டத்தையும் வாங்கியிருக்கிறீர்கள். மாளிகை, பாதுகாக்க வேண்டிய வரலாற்றுக் கட்டடங்களின் தேசியப் பட்டியலில் கிரேடு 2 ஸ்டார் (மூன்று தரங்களில் நடுத் தரம்), பட்டியலில் சேர்ந்தது 1952இல். தோட்டத்தை மாளிகைக்காரர்கள் தனியாகப் பிரித்து விற்றது 1974இல். நீங்கள் செய்ய நினைப்பவை நான்கு: கார் உள்ளே வர மதில் வாசலை அகலப்படுத்துவது, வெயில் படும் மதிலை ஒட்டிச் செடி வளர்க்க ஒரு கண்ணாடி வீடு, வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு சின்ன அலுவலக அறை, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மதிலைச் சரிசெய்வது. பட்டியலில் உங்கள் மதிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் அனுமதி தேவையா என்பது உங்கள் சந்தேகம்.

தேவை. நான்கில் மூன்றுக்குக் கட்டாயம் வேண்டும். நான்காவது, மதிலை எந்த அளவுக்குப் பிரித்துக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் நான்கில் குறைந்தது இரண்டு, சரியாகக் கேட்டால் கிடைக்கக்கூடியவைதான்.

முதலில், பெயர் இல்லாத மதிலுக்குச் சட்டப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் இதற்கான சட்டம் 1990ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கட்டடங்கள், பாதுகாப்புப் பகுதிகள் திட்டமிடல் சட்டம். பட்டியலில் உள்ள கட்டடத்தோடு இணைந்த எதுவும், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிலத்தோடு சேர்ந்து நிற்கும் எந்தக் கட்டுமானமும், அந்தக் கட்டடத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்கிறது அதன் முதல் பிரிவு. வளாகம் என்று நான் சொல்வதை இங்கே ‘கர்ட்டிலேஜ்’ என்பார்கள். அதற்குச் சட்டத்தில் அளவு எதுவும் கொடுக்கப்படவில்லை, நீதிமன்றங்கள்தான் வழி சொல்லியிருக்கின்றன. ஹெப்டன் பிரிட்ஜில் ஒரு மில்லையும் அதோடு பாலத்தால் இணைந்த தொழிலாளர் வீட்டு வரிசையையும் பற்றிய கால்டர்டேல் வழக்கில், 1982 வாக்கில், மூன்று கேள்விகள் நிலைபெற்றன: இரண்டும் தரையில் எப்படி அமைந்திருக்கின்றன, அன்றும் இன்றும் யாருக்குச் சொந்தம், அன்றும் இன்றும் எதற்குப் பயன்பட்டன. பெரிய மாளிகையென்றால் வளாகமும் பெரிதாக இருக்கலாம் என்று 2000இல் ஸ்கெரிட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஆண்டுகளின் வரிசை. மாளிகை பட்டியலில் ஏறிய 1952இல் தோட்டம் மாளிகைக்காரர்கள் கையில்தான் இருந்தது, அவர்கள் சமையலறைக்குத்தான் காய் கொடுத்தது. அதன் பிறகு விற்றதால் பாதுகாப்பு போய்விடாது. இதுவே 1930களில் விற்று, அதன்பின் மாளிகை பட்டியலில் ஏறியிருந்தால் வாதாட நிறைய இடம் இருந்திருக்கும். மாளிகையிலிருந்து அரை மைல் தள்ளி இருக்கும் தோட்டங்களும் உண்டு. உரக் குவியலின் நாற்றமும் பாய்லர் புகையும் எஜமானர் மூக்குக்கு எட்டக்கூடாது என்று வேண்டுமென்றே தள்ளி வைத்தவை அவை. அங்கேயும் கேள்வி திறந்தே இருக்கும். உங்களுடையது லாயக் கட்டடத்தை அடுத்தே இருப்பதாகச் சொல்கிறீர்கள். அனுமதி தரும் உள்ளாட்சியான கவுன்சிலில் நான் இருந்தால் யோசிக்காமல் ‘வளாகத்துக்குள்’ என்றுதான் எழுதுவேன். பட்டியல் குறிப்பில் மதில் பெயர் இல்லாததற்குக் காரணம் எளியது. 1950களில் எழுதிய குறிப்புகள் பல நாலு வரிதான், அடையாளம் காட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்டவை. 2013க்குப் பிறகு எழுதும் குறிப்புகளில்தான் எதெல்லாம் பாதுகாப்பில் சேராது என்று வெளிப்படையாக விலக்கி எழுத முடிகிறது.

சரி, எந்த அனுமதி? இரண்டு தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன, பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். பிளானிங் பர்மிஷன் எனும் திட்ட அனுமதி, புதிதாகக் கட்டுவதற்கும் நிலப் பயனை மாற்றுவதற்கும். லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் என்பது பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் விதத்தில் இடிப்பதற்கோ மாற்றுவதற்கோ. முதலாவது இல்லாமல் கட்டினால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கும், ஆனால் பொதுவாக அது குற்ற வழக்கு ஆகாது. இரண்டாவது இல்லாமல் மதிலை உடைத்தால் அது நேரடியாகக் குற்றம். வரம்பில்லாத அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. ‘எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது. அதோடு, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லும் நோட்டீஸுக்குக் காலக்கெடு கிடையாது.

வாரிக்ஷயரில் இட்லிகோட் மாளிகைத் தோட்டத்தில் தூண்கள் மீது நின்ற இரண்டு ஈயக் கலசங்கள் 2009இல் ஏலத்தில் விற்கப்பட்டன. அவை தனியாகவே பட்டியலில் இருந்தவை. பல ஆண்டு கழித்துத்தான் கவுன்சிலுக்குத் தெரிந்தது, 2016இல் அவற்றைத் திரும்ப வைக்கச் சொல்லி நோட்டீஸ் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல், பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒரு பொருள் கட்டடம் ஆகிவிடாது, அந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உரிமையாளருக்கு அது வெற்றிதான், ஆனால் கலசங்களை விற்று 11 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. கலசத்துக்காவது ‘இது கட்டடமா’ என்று கேட்க முடிந்தது. செங்கல் மதிலுக்கு அந்த வழியும் கிடையாது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. உங்களுக்கு முன்னால் இருந்தவர் அனுமதியில்லாமல் எதையாவது மாற்றியிருந்தால், தண்டனை அவரோடு போய்விடும், சரிசெய்யும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். வீடு வாங்கியபோது உங்கள் வழக்கறிஞர் 1974க்குப் பிந்தைய அனுமதிக் கடிதங்களைக் கேட்டாரா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் போடும் பலரும் மதிலைச் சுற்றுச்சுவராக மட்டும் நினைத்து வரைபடம் போடுகிறார்கள், கன்சர்வேஷன் ஆபீசர், அதாவது பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கவுன்சில் அதிகாரி, அதை வேறு கண்ணால் பார்க்கிறார். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன.

இங்கே சூரியன் நம்மூரில் போல உச்சிக்கு வராது, எப்போதும் தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும். அதனால் தோட்டத்தின் வடக்கு எல்லையில் நிற்கும் மதிலின் உள்முகம்தான் நாள் முழுக்க வெயில் வாங்கும். அதுதான் பெரும்பாலும் மற்ற மதில்களைவிட உயரம். பீச், நெக்டரின், ஆப்ரிகாட் போன்ற குளிர் தாங்காத பழ மரங்களை அந்தச் சுவரோடு தட்டையாகப் படரவிட்டு வளர்த்தார்கள். செங்கல் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும். வெளிப்பக்கம் கல்லாக இருந்தும் உள்பக்கம் மட்டும் செங்கல் பதித்த மதில்கள் உண்டு, காரணம் இதுதான். செங்கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்தில் ஆணி எளிதாக இறங்கும் என்பது இன்னொரு காரணம். கிளையைத் துணித் துண்டால் சுற்றி ஆணியடித்துச் சுவரோடு கட்டுவார்கள். உங்கள் மதிலில் அம்மைத் தழும்பு போல நூற்றுக்கணக்கில் துளைகள் இருந்தால் அவை பழுது இல்லை, 100 வருடத் தோட்ட வேலையின் தடயம். அவற்றை அடைத்துப் பூசிவிடாதீர்கள்.

சில மதில்கள் உள்ளே கூடாக இருக்கும். பின்புறம் உலை வைத்து, மதிலுக்குள்ளேயே மேலும் கீழுமாக வளைந்து போகும் புகை வழிகளை அமைத்து, வசந்தகாலப் பனியிலிருந்து பூக்களைக் காப்பாற்றச் சுவரையே சூடாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் இது வசதி படைத்தவர்களிடையே பெரிய மோகம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியும் அறிகுறிகள்: மதில் உச்சியில் குட்டையான புகைபோக்கி, வரிசையாகச் செங்கல் வைத்து அடைத்த சின்னச் சதுரங்கள் (கரி எடுக்கும் வாய்கள்), பின்பக்கத்தில் கரி படிந்த வளைவு. வாசலை அகலப்படுத்த உத்தேசித்த இடத்தில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தப் பகுதியின் மதிப்பும் அதிகம், கூடான சுவரை வெட்டினால் இரண்டு பக்கமும் சரிந்து வரும் ஆபத்தும் அதிகம்.

கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியது, செங்கல் வரி 1850இல். அதற்குப் பிறகுதான் திராட்சைக்கும் பீச்சுக்கும் என்று தனித்தனிக் கண்ணாடி வீடுகள் வடக்கு மதிலில் சாய்த்துப் பெருமளவில் எழுந்தன. அதே மதிலின் வெளிப்பக்கம், வெயிலே படாத பக்கம், ஒரு வரிசைக் கொட்டகைகள்: பாய்லர் அறை, தொட்டி மண் கலக்கும் அறை, காளான் அறை, பழக் கிடங்கு, இளம் தோட்டக்காரர்கள் தங்கும் அறை. தோட்டத்தின் நடுவில் தண்ணீர் மொள்ள ஒரு குளம், அதைச் சுற்றிச் சிலுவை போலப் பாதைகள். மதிலுக்கு வெளியேயும் ஒரு பட்டை நிலம் இருக்கும், மதிலின் வெளிமுகத்திலும் மரம் படரவிட. முதல் உலகப் போருக்குப் பிறகு வேலையாட்கள் குறைந்து, இந்த அமைப்பெல்லாம் மெல்ல மெல்லச் சிதைந்தது. அது முன்பு எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டுமென்றால் சசெக்ஸில் வெஸ்ட் டீன் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே 13 விக்டோரியா காலக் கண்ணாடி வீடுகளைச் சீர்செய்து பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு விவரம் எதற்கென்றால், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றமும் இந்த அமைப்போடு பொருந்துகிறதா, முரண்படுகிறதா என்பதுதான் தீர்ப்பு.

வாசலை எடுத்துக்கொள்வோம். நான்கில் இதுதான் கடினம். காருக்காக மதிலில் 3 மீட்டர் திறப்பு என்பது செங்கலை மட்டும் இழப்பதாக முடியாது. உள்ளே கார் வந்தால் சரளைக்கல் தளம், திரும்ப இடம், விளக்கு என்று அடுத்தடுத்து வரும், மூடிய தோட்டம் என்ற உணர்வே போய்விடும். காரை மதிலுக்கு வெளியே, பழைய கொட்டகைகள் இருந்த பக்கம் நிறுத்த வழி இருந்தால் அதையே கேளுங்கள். உள்ளே வண்டி வந்தே ஆகவேண்டும் என்றால் முதலில் மதிலைச் சுற்றி நிதானமாக நடந்து பாருங்கள். உரவண்டி வந்த பழைய வாசல் ஒன்று எங்காவது இருந்திருக்கும். அடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் நேர்க்கோடாகச் செங்குத்து இணைப்பு தெரியும், மேலே வளைவின் செங்கற்கள் தெரியலாம். அடைத்த வாசலைத் திறப்பதும் புதிதாக உடைப்பதும் அதிகாரி கண்ணில் ஒன்றல்ல. முன்னதற்குச் சரித்திரமே சாட்சி சொல்லும். ஆள் மட்டும் போய்வர ஒரு கதவு என்றால், மதிப்புக் குறைந்த தெற்கு மதிலிலோ, பிற்காலத்தில் மாற்றிக் கட்டிய பகுதியிலோ கேட்டுப் பார்க்கலாம். கட்டுமான வேலைக்கு இயந்திரம் உள்ளே வர ‘தற்காலிகமாக’ மதிலை உடைத்துப் பிறகு கட்டித் தருகிறோம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அதற்கும் கன்சென்ட் வேண்டும். மதிலுக்கு மேலாகக் கிரேனில் இறக்குவது பல நேரம் அதைவிட மலிவு.

கண்ணாடி வீடு நல்ல யோசனை, கிடைக்கவும் வாய்ப்பு அதிகம், ஆனால் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். மதிலின் உள்முகத்தில் சுண்ணாம்பு வெள்ளையடித்த பகுதி, சாய்வாக ஓடும் கூரைத் தடம், தரையில் தாழ்ந்த செங்கல் அடித்தளம் ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய அடித்தளத்தின் மேலேயே, அதே சாய்வில், மெல்லிய சட்டங்களோடு வரைந்தால் பாதி வேலை முடிந்தது. மரச்சட்டம்தான் வேண்டும் என்று சில அதிகாரிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். நல்ல அலுமினியம் தாங்கும் என்பது என் கருத்து, பராமரிக்க ஆளில்லாத மரத்தைவிட மேல். ஆனால் கடையில் கிடைக்கும் பளபளப்பான வெள்ளி நிறச் சட்டத்தோடு போனால் வாதமே எடுபடாது. அனுமதி வகையில், மதிலோடு இணைத்தால் இரண்டு அனுமதியும் வேண்டும். தனியாக நின்றால் திட்ட அனுமதி மட்டும். சாதாரண வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் கொட்டகையோ கண்ணாடி வீடோ போட 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையில் சலுகை இருக்கிறது. பட்டியலிட்ட கட்டடத்தின் வளாகத்துக்குள் அது செல்லாது. வேலி, மதில் பற்றிய சலுகையும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் போட்டாரே என்று ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

அலுவலக அறையை வடக்கு மதிலின் வெளிப்பக்கம், பழைய கொட்டகைகள் நின்ற இடத்தில் வையுங்கள். வெயில் குறைவுதான், கணினித் திரைக்கு அது நல்லதே. கொட்டகை எதுவும் பாதியாவது நிற்கிறது என்றால் புதிது கட்டுவதைவிட அதைச் சீர்செய்து பயன்படுத்தும் விண்ணப்பத்துக்கு வரவேற்பு அதிகம். கூரை மதில் உச்சிக்கு மேலே எட்டிப்பார்க்கக் கூடாது. பழைய மதில்களின் அடித்தளம் ஆழமாக இருக்காது, அதனால் ஒட்டித் தோண்டாமல் மண்ணுக்குள் திருகி இறக்கும் தூண் மாதிரி ஏதாவது போடச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். மதிலுக்கும் புதுச் சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுவதும் முக்கியம்.

அடுத்து சாய்ந்த மதில். உள்ளதை உள்ளபடியே, அதே பொருளால், அதே முறையில் பழுதுபார்க்கக் கன்சென்ட் பொதுவாகத் தேவையில்லை. உதிர்ந்த இடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்து பூசுவது, மேல்மூடிக் கற்களைத் திரும்பப் பதிப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் ஒரு நீளத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுவது வேறு விஷயம், கவுன்சிலைக் கேட்காமல் தொடாதீர்கள். சாய்ந்த மதில் எல்லாம் விழும் மதில் இல்லை. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே சாய்ந்து, 150 வருடமாக அப்படியே நிற்பவை நிறைய. தூக்குக்குண்டு விட்டு அளந்து, ஒரு குளிர்காலம் முழுக்கக் குறித்து வையுங்கள். நகர்கிறதா இல்லையா என்ற பதில் அதில்தான் இருக்கிறது. பழைய கட்டடங்களுக்கென்று அங்கீகாரம் பெற்ற பொறியாளர்களின் பதிவேடு ஒன்று ‘கேர்’ என்ற பெயரில் இருக்கிறது. அதில் உள்ள ஒருவரையே பிடியுங்கள். புது வீடு கட்டும் பொறியாளர் வந்தால் பெரும்பாலும் ‘இடித்துக் கட்டு’ என்றுதான் எழுதிக் கொடுப்பார், அந்த அறிக்கையே உங்களுக்கு எதிராக நிற்கும்.

நாளைக்கே விழுந்துவிடும் என்ற நிலை வந்தால் சட்டம் ஒரு வழி விடுகிறது. பாதுகாப்புக்காக அவசரமாகச் செய்தது, பழுதுபார்த்தோ முட்டுக் கொடுத்தோ சமாளிக்க முடியாதது, தேவையான குறைந்தபட்சம் மட்டுமே செய்தது, கவுன்சிலுக்கு உடனடியாக எழுத்தில் தெரிவித்தது ஆகியவற்றை நீங்கள் நிரூபிக்க வேண்டும். கவனியுங்கள், முட்டுக் கொடுத்தால் நிற்கும் மதிலை இடித்தவருக்கு இந்த வழி கிடையாது. ஆகவே முதல் வேலை முட்டுக் கொடுப்பதும், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தைத் தடுப்பதும்.

சிமெண்ட் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செட்டிநாட்டிலும் தஞ்சாவூரிலும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசி நாசமானதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பனியும் சேர்ந்துகொள்வதால் கேடு இன்னும் வேகம். சிமெண்ட் இடுக்கு வழியாக ஈரம் வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வெளியேறும், உறைபனியில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். கொத்தனாரிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஐவிக் கொடியையும் வெறுமனே பிடித்து இழுக்கவேண்டாம். அடியில் வெட்டிக் காயவிட்டு, பிறகு எடுக்கவேண்டும், இல்லையென்றால் சாந்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி: அந்த 1 ஏக்கரின் சட்டபூர்வமான பயன் என்ன? 1974இல் வாங்கியவர் அங்கே காய்கறி வளர்த்து விற்றார் என்றால், திட்டமிடல் கணக்கில் அது விவசாய நிலமாக இருக்கலாம். அதில் ஊஞ்சலும் புல்தரையும் அலுவலகமும் வைப்பது நிலப் பயன் மாற்றம் ஆகிவிடும், வீட்டுக்காரர்களுக்கான எளிய விண்ணப்பப் படிவத்தில் போகாது, முழு விண்ணப்பம் வேண்டும். பட்டியல் கணக்கில் மாளிகையின் வளாகம், பயன் கணக்கில் விவசாய நிலம் என்று ஒரே மண் இரண்டு வேடம் போட முடியும். விநோதம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இனி காகித வேலை. விண்ணப்பத்தின் உயிர் ‘ஹெரிடேஜ் ஸ்டேட்மெண்ட்’ எனும் மரபு மதிப்பு அறிக்கை. இணையத்தில் பொதுவான வரிகளை எடுத்து ஒட்டிய அறிக்கையை எந்த அதிகாரியும் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவிலான) வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கண்ணாடி வீடுகள், பாதைகள், குளம், சில சமயம் தனி மரங்கள்கூட அதில் தெரியும். தேவாலயத்துக்குத் தந்த தசமபாக வரிக்காக 1840களில் வரைந்த வரைபடம், எஸ்டேட் விற்பனை விளம்பரப் புத்தகங்கள், பழைய புகைப்படங்கள் எல்லாம் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைக்கும். மதிலின் ஒவ்வொரு பக்கத்தையும் நேராக நின்று படம் எடுத்து, எது முதலில் கட்டியது, எது ஒட்டுப்போட்டது என்று குறித்துக் காட்டுங்கள். இந்த ஒரு வரைபடம் 20 பக்க உரையைவிட அதிகம் பேசும்.

விண்ணப்பத்துக்கு முன் கவுன்சிலிடம் கட்டணம் கொடுத்து முன்ஆலோசனை கேளுங்கள். சில இடங்களில் மாதக்கணக்கில் இழுப்பார்கள், இருந்தாலும் கன்சர்வேஷன் ஆபீசர் ஒருமுறை நேரில் வந்து நின்று பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்டுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டுக்காரர் திட்ட அனுமதிக்கு 2025 ஏப்ரலில் 528 பவுண்டு ஆக்கினார்கள், ஆண்டுதோறும் ஏப்ரலில் பணவீக்கத்துக்கு ஏற்ப மாறும். மறுத்துவிட்டால் ஒருமுறை இலவசமாகத் திரும்பப் போடலாம் என்ற பழைய வசதியை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். முடிவு சொல்ல 8 வாரம் என்பது விதி, அதற்குமேல் அவகாசம் கேட்டுக் கடிதம் வருவது வழக்கம்.

உங்களுடையது கிரேடு 2 ஸ்டார் மாளிகையின் பகுதி என்பதால் அரசின் மரபுப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் தெரிவிப்பார்கள். மாளிகையின் பூங்கா தேசியப் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் சுமார் 1,700 பூங்காக்களும் தோட்டங்களும் அதில் உள்ளன. பதிவேட்டில் இருப்பதால் தனி அனுமதி எதுவும் தேவைப்படாது, ஆனால் முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும், வரலாற்றுத் தோட்டங்களுக்கான கார்டன்ஸ் டிரஸ்ட் என்ற அமைப்பையும் கேட்கவேண்டும். அந்த அமைப்பைக் கட்டாயம் கேட்கவேண்டியவர்கள் பட்டியலிலிருந்து எடுக்க 2025இல் அரசு யோசனை வைத்தது. இது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை, தோட்டம் தெரிந்தவர்கள் கவுன்சில்களில் அரிது.

தேசியத் திட்டக் கொள்கை, பாதிப்பைப் ‘பெருமளவு’, ‘அதற்குக் குறைவு’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. உங்கள் வேலைகள் பெரும்பாலும் இரண்டாவதில் வரும். அப்படி வந்தால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் நன்மையோடு எடைபோடுவார்கள். ‘எனக்கு வசதி’ என்பது அந்தத் தராசில் ஏறாது. சிதையும் மதிலைச் சரிசெய்வது, காணாமல் போன கண்ணாடி வீட்டின் அமைப்பை மீட்பது இரண்டும் ஏறும். அதனால்தான் மதில் பழுது, கண்ணாடி வீடு, அலுவலகம் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் வைக்கச் சொல்கிறேன். மதில் பழுதும் கண்ணாடி வீடும் அலுவலகத்தைத் தூக்கிப் பிடிக்கும். கார் வாசலை மட்டும் தனியாக வையுங்கள், அது மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடக்கூடாது.

வௌவால்களையும் மறக்கவேண்டாம். மதில் விரிசலிலும் கொட்டகைக் கூரையிலும் அவை தங்கும், அவற்றின் இருப்பிடத்தைக் கலைப்பது தனிக் குற்றம். வௌவால்கள் வெளியே வருவதைப் பார்க்கும் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும், அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று. மதிலின் ஒரு பக்கம் அண்டைவீட்டாரோடு பொது என்றால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவருக்கும் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். செலவுக் கணக்கில் 20 சதவீத வாட் வரியைச் சேர்த்துவிடுங்கள். பட்டியலிட்ட கட்டட மாற்றங்களுக்கு இருந்த விலக்கு 2012 அக்டோபரோடு போய்விட்டது.

அனுமதி வந்ததும் கடிதத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். மாதிரிக்கு ஒரு சதுர மீட்டர் செங்கல் கட்டிக் காட்டவேண்டும், சாந்துக் கலவையை ஒப்புதல் வாங்கவேண்டும், கதவுச் சட்டத்தின் பெரிய அளவு வரைபடம் தரவேண்டும் என்பது போல. ‘வேலை தொடங்கும் முன்’ என்று எழுதியிருந்தால் அதை முடிக்காமல் முதல் செங்கல்லை எடுக்கக்கூடாது.

நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஷ்ராப்ஷயர் எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் போனால் 2024 நவம்பரிலிருந்து அவர்களுக்குத் தனிச் சட்டம். ஸ்காட்லாந்தில் வகைப்பாடே ஏ, பி, சி என்று வேறு.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து போடுங்கள். சுண்ணாம்புச் சாந்து 5 டிகிரிக்குக் கீழே பிடிக்காது, உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். ஆகவே மதில் வேலை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். அந்த ஏப்ரலில் கொத்தனார் வரவேண்டும் என்றால் முந்தைய கோடையில் வௌவால் கணக்கெடுப்பும் முன்ஆலோசனையும், அக்டோபருக்குள் விண்ணப்பம், குளிர்காலத்தில் நிபந்தனை ஒப்புதல்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த நல்ல கொத்தனார்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவார்கள், அவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.